இருபத்தைந்து நிமிடம் முந்தி வந்த சூரியன்

டவ் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
ஏப்ரல் 14

அன்பு மகள் டெலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன், இருமல் மட்டும் இருக்கிறது, அது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் இருப்பதால் அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. நீயும் கர்ட்டிஸும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் முதல் காப்பியை வாசல் மண்ணில் ஊற்றும்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன். கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறை, பொட்டலத்தில் வரும் சிப்ஸைத் தொடாதே, டெக்சாஸ் வெயிலில் மத்தியானம் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பாதே. சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. நீ வைத்த ஆப்பிள் மரம் இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது, ஆனால் பூவின் மேலெல்லாம் சாம்பல் நிறத் தூசி, மலையில் வெடி வைக்கிறார்களே அந்தத் தூசி, தேனீ எப்படி உட்காரும் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தில் ஒரு கெட்ட செய்தி இருக்கிறது, அதை நீ வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன் நானே சொல்லியாக வேண்டும். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை நம் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில், இருநூறு பேர் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் மண்ணைக் கும்பிடுகிறவள், இருபது வருடமாகக் கும்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேப்பரில் போட்டோவோடு வந்துவிட்டது, அதை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். அதில் என் வாய் திறந்திருக்கிறது, தலைமுடி ஒரு பக்கம் பறக்கிறது, அவர்கள் எதிர்பார்த்த சூனியக்காரி மாதிரியே இருக்கிறேன்.

அந்த வாக்கு உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பத்து வயது. மே மாதம் முதல் தேதி நாம் பாலும் ரொட்டியும் மண்ணுக்கு வைத்ததை நீ சந்தோஷமாக வகுப்பில் போய்ச் சொன்னாய். மறுநாள் உன் மேசையில் ஒரு விளக்குமாறு இருந்தது, சூனியக்காரி ஏறிப் பறப்பாளாமே, அது. ஒரு வாரம் யாரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, 'அம்மா, இனிமே யாருகிட்டயும் சொல்லாதம்மா, நமக்குள்ளயே இருக்கட்டும்மா' என்று அழுதாய். நாம் இருவரும் கொல்லைக்குப் போய் மண்ணில் உள்ளங்கையை வைத்து அப்படியே ஆகட்டும் என்றோம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. விளக்குமாற்றை வாங்கிக் கொடுத்து அனுப்பிய தாய்மார்கள் மேல் இன்றுவரை கோபம் இருக்கிறது, அவர்களுக்குத்தான் நான் தினமும் கடையில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நினைத்தால் நாம் செய்ததெல்லாம் எவ்வளவு சின்னச் சின்ன காரியங்கள். உன் அப்பா ஒஹாயோவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத வருடம், சர்ச் சபையில் இருந்த பெண்கள் நான் என்ன தப்புச் செய்தேன் என்று என்னிடமே கேட்டார்கள், அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவள்தான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹேகர் முகட்டில் அந்தத் தட்டைப் பாறை வரைக்கும் ஏறிப் போய் உட்கார்ந்தேன், பாறை என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன், அதில் வெள்ளிக் கத்தி, பட்டு அங்கி, ஏழு வகை எண்ணெய் எல்லாம் வேண்டும் என்று போட்டிருந்தது. நம்மிடம் உருளைக்கிழங்கு சீவும் கத்தி இருந்தது. அதையே வைத்துக்கொண்டோம். பிப்ரவரியில் காலி பீன்ஸ் டப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜன்னலுக்கு ஒன்றாக வைப்போம், நீ கழிவறை ஜன்னலை விட்டுவிட்டால் அதற்குக் கோபம் வரும் என்று அங்கேயும் ஒன்று வைப்பாய். நவம்பர் பிறக்கும் முன்னால் செத்தவர்களுக்கென்று சோளரொட்டியும் ஆப்பிள் ஜாமும் படியில் வைப்போம், காலையில் காலித் தட்டைப் பார்த்து உன் தாத்தா சாப்பிட்டுவிட்டார் என்று குதிப்பாய். தின்றது மரநாய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்று உன் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் சொன்னாய்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரியது டிசம்பர்தான். வருடத்தில் பகல் மிகக் குறைவான அந்த ஒரு நாள். நம் பள்ளத்தில் வெயில் வரவே காலை எட்டு ஐம்பது ஆகிவிடும், பியர்டன் குன்றுக்கும் அதன் தம்பிக் குன்றுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சூரியன் தலையைக் காட்டும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு நீயும் நானும் ஒரே போர்வைக்குள் காத்திருப்போம். முதல் வெளிச்சம் சமையலறை ஜன்னல் வழியாக வந்து எதிர்ச்சுவரில் அடுப்புக்கு மேலே ஒரு கையகலத்துக்கு விழும், நீ ஓடிப் போய் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவாய். வருடா வருடம் அதே இடம், கோட்டின் மேலேயே கோடு. 'எப்படிம்மா அதுக்கு வழி தெரியுது?' என்று கேட்பாய். மலை காட்டிக் கொடுக்கிறது என்பேன். நீ போன பிறகும் ஒரு வருடம்கூட விடாமல் நான் தனியாகப் போட்டேன்.

போன டிசம்பரில் நடந்ததை நான் உனக்கு எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. எட்டரைக்கு எழுந்து, மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தால் வெயில் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. விருந்தாளி நமக்கு முன் வந்து நாற்காலி போட்டுக்கொண்ட மாதிரி. அதுவும் நம் கோட்டில் இல்லை, நன்றாக மேலே தள்ளிப் போய் ஃபிரிட்ஜின் தலையில் விழுந்திருந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாகச் சூரியனைத் தவறவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து அதை இருபத்தைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனேன். சமையலறை பூட்டியிருந்தது. மேனேஜரம்மா காரிலிருந்து இறங்கி, 'என்ன வெர்னா, எங்க கஞ்சி மேல அவ்ளோ ஆசையா?' என்று சிரித்தாள். அங்கே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கடிகாரம் சரி. குன்றுதான் இல்லை. நிலக்கரிக் கம்பெனிக்காரர்கள் இரண்டு வருடமாக வெடி வைத்து வெடி வைத்து பியர்டன் குன்றின் தலையைச் சீவிப் பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள், தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், லாரிகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் மலையை நம்பிக் கடிகாரத்தைத் திருத்தினேன் பார். ஓர் ஊருக்கு வெயில் வரும் நேரத்தையே மாற்றிவிட்டு ஒரு வார்த்தை யாரிடமும் கேட்காமல் போகிறார்கள், நாமும் நிலக்கரி வேலை இருந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அடுத்தது ஹேகர் முகடு. அதை வெட்ட அரசாங்கம் அனுமதி கொடுப்பதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் பேசலாம் என்று அந்தப் பள்ளிக்கூட அரங்கில் ஒரு கூட்டம் வைத்தார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். பக்கத்து வீட்டு அர்வில் என்னையும் கூட்டிப் போனார். அவருக்கு நெஞ்சில் கரித்தூசி இன்னும் ஏறிவிட்டது, ஆக்சிஜன் சிலிண்டரைச் சக்கரத்தில் வைத்து நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறார், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டை அவர்தான் பிடிக்கிறார். உனக்குத் தெரியாதது ஒன்று, அவருக்கு நம்மைப் பற்றி எப்போதோ தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, 'வெர்னா, நீ செத்தா எந்தப் பாதிரியும் வரமாட்டான், உன் கோழிங்கதான் பாட்டுப் பாடணும்' என்பார். 'உங்க சபைப் பாட்டுக்கு என் கோழிங்க எவ்வளவோ மேல்' என்பேன். அவருடைய அப்பா அம்மா கல்லறை முகட்டில்தான் இருக்கிறது. கல்லறை இருந்தால் சுற்றி நூறடியும், கோவில் கட்டடம் இருந்தால் முந்நூறடியும் விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி சட்டத்தைப் படித்துக் காட்டினார். சுற்றிலும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நடுவில் கல்லறையை மட்டும் கேக் துண்டு மாதிரி நிறுத்தி வைப்பார்களாம், அதற்கு அர்வில் நன்றி சொல்ல வேண்டுமாம். எனக்கு அங்கேதான் ரத்தம் தலைக்கு ஏறியது. நான் பேசுவதாகவே இல்லை டெலா, சத்தியமாக இல்லை. கால் தானாக நடந்து போய் வரிசையில் நின்றது.

முகட்டில் இருக்கிற தட்டைப் பாறைதான் என் கோவில், முந்நூறடி விடுங்கள் என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. அதிகாரி மரியாதைக்காரர்தான், கண்ணாடியைக் கழற்றி, 'மேடம், அங்க கட்டடம் எதுவும் இருக்குங்களா?' என்றார். 'இல்ல சார். மனுசன் கட்டினது அங்க ஒண்ணும் இல்ல, அதனாலதான் போறேன்' என்றேன். ஒரே சிரிப்பு. பின்னால் லாரி ஓட்டுகிற பையன்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தன், 'ஏய் சூனியக்காரி, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாத' என்று கத்தினான். அவன் கத்தியதில் பாதி நியாயம் இருக்கிறது, இந்த ஊரில் அவனுக்கு வேறு பிழைப்பு எதையும் யாரும் விட்டு வைக்கவில்லை. அதிகாரி அடுத்ததாக, 'உறுப்பினர்கள் எத்தனை பேருங்க?' என்றார். இரண்டு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, ஒருத்தி என்றேன். உன் பெயரை நான் எடுக்கவில்லை, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒன்றை அவர் எழுதிக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட வலி, உன் அப்பா போன போதுகூட ஏற்படவில்லை. நான் இறங்கியதும் அர்வில் சிலிண்டரை இழுத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார். மூச்சு வாங்கி முடிக்கவே ஒரு நிமிடம் போய்விட்டது. 'இவ பேசுறது பைத்தியக்காரத்தனம், நான் பாப்டிஸ்ட், எனக்குச் சம்மதமில்ல. ஆனா இருபது வருசமா மழையோ பனியோ இவ அந்தப் பாறைக்கு ஏறிப் போறதை நான் பாத்திருக்கேன். உங்கள்ல எத்தனை பேரு வாரா வாரம் சபைக்கு வர்றீங்க? எழுதிக்குங்க சார்' என்றார். எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொள்வதால் ஒன்றும் நடக்காது என்று எனக்கும் தெரியும்.

நடந்தது வேறு. முதியோர் இல்லத்தில் இரண்டு குடும்பத்தார், என் கை பட்ட சோற்றை அவர்களுடைய பெற்றோருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு வருடம் அந்தக் கையால்தான் ஊட்டினேன். இப்போது பாத்திரம் கழுவுகிறேன். சபைப் பெண்கள் கடையில் என்னைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போகிறார்கள், அது எனக்கு வசதிதான், வணக்கம் சொல்லும் வேலை மிச்சம். இதையெல்லாம் என்னால் தாங்க முடியும். உன் மாமியாரை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. நான் மெத்தடிஸ்ட் சபைக்காரி, கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று நீ அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அந்த அம்மா என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்க்காமல் இருக்கப் போவதில்லை. ஜூன் மூன்றாம் தேதி பஸ்ஸில் நான் கிளம்ப வேண்டும், பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்து ஆறு வாரம் உனக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். இனி அது உன் விருப்பம். வாக்கை மீறியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு, அது சின்ன விஷயம் இல்லை. பேசியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இரண்டும் வேறு வேறு என்று உனக்குப் புரியும் என்று நம்புகிறேன், புரியாவிட்டாலும் என்னால் இதை வேறு மாதிரி எழுத முடியாது.

நான் வந்தால் உன் மாமியார் வீட்டு மேசையில் அவர்கள் ஜெபம் செய்யும்போது நானும் தலை குனிவேன், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ரொட்டிக்கு நன்றி சொல்வதை யார் செய்தாலும் எனக்குச் சம்மதம். டப்பா மெழுகுவர்த்தியும் கத்தியும் கொண்டு வர மாட்டேன். ஆனால் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காலம் முடிந்துவிட்டது. இது தெரிந்து நீ முடிவு செய். வர வேண்டாம் என்றால் நான் புரிந்துகொள்வேன் என்று எழுதத்தான் நினைத்தேன், அது பொய், புரிந்துகொள்ள மாட்டேன், ஆனால் வராமல் இருந்துவிடுவேன்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, பாலோடு சேர்த்துப் போடாதே. இடது பக்கம் சாய்ந்து படு. கர்ட்டிஸுக்கு என் அன்பைச் சொல், பேப்பரை அவனிடம் நீயே காட்டு, ஒளிக்காதே. இந்தப் பள்ளத்தில் செல்போன் எடுக்காது என்று உனக்குத் தெரியும், அதனால் அர்வில் வீட்டுக்குப் போன் செய்து, 'வா' அல்லது 'வராதே' என்று ஒரே வார்த்தை சொல், அவரிடம் விளக்கம் ஏதும் சொல்லாதே, அவர் வேலியில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்துவார். எந்த வார்த்தையாக இருந்தாலும் அவர் கத்தட்டும். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே கண்ணு. நான் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், அதில் இன்னும் ஒன்றும் அடுக்கவில்லை.

உனக்கும் உன் பிள்ளைக்கும் காலடியில் மண் எப்போதும் உறுதியாக இருக்கட்டும்.

உன் அம்மா,
வெர்னா ஸ்டிடம்