பேட்டரியும் டும்ப் சத்தமும்

10-10-94, திங்கள்

நல்ல வெயில். காலை ஒன்பதுக்கு வண்டிவீடு பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரம் வந்து சேர்ந்தது. ரோடு கான்ட்ராக்டர் யாரோ சக்கரம் வைத்துச் செய்த தகர அறை. அண்ணனுடைய பம்மல் பட்டறையில் சும்மா கிடந்தது. டிராக்டர் இழுத்து வந்து விட்டுப் போயிற்று. ஞாயிறு காலை திரும்ப வரும். காலாண்டு லீவும் அதோடு சரி.

எதற்கு இத்தனை கூத்து? இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் இங்கே பழுதாகி நின்றபோது கோரைக்குள்ளிருந்து ஒரு சத்தம். டும்ப்... டும்ப்... பறவை. சத்தியமாகப் பறவை. பறவை மன்றச் செயலாளருக்கு எழுதினேன். பதில்: "தவளையாக இருக்கலாம் டீச்சர். ஒலிப்பதிவு இருந்தால் அனுப்புங்கள்." என் வீட்டுக்காரரும் அன்றிலிருந்து தவளைக் கட்சி. எனக்கு வேண்டியது ஒரு நிமிட டேப். அவ்வளவுதான்.

இங்கே கரண்ட் கிடையாது. பழைய கார் பேட்டரி ஒன்று. அதில்:
பல்பு - ஒன்றே முக்கால் ஆம்பியர்
கார் ஃபேன் - இரண்டரை (இவருக்காக)
டேப் ரெக்கார்டர் - கொஞ்சம்தான். செல் போடும் இடம் துருப்பிடித்துவிட்டது, பேட்டரியை விட்டால் வழியில்லை.

பிசிக்ஸ் லேபில் கேட்டு வாங்கிய மீட்டர் மாலை ஆறுக்கு 12.6 காட்டியது. திருப்தி.

11-10, செவ்வாய்

காலை 12.1. சத்தம் வரவில்லை. கொசு வந்தது.

ஒரு வேடிக்கை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் தானாகவே 12.2. யாரும் எதுவும் ஊட்டவில்லை! ஃபேன் போட்டதும் மறுபடி சரிகிறது. நாலு தடவை செய்து பார்த்தேன். இவர்: "வெச்சிட்டு வாயேன் வசந்தா, அதென்ன ஜுரம் பாக்கற மாதிரி?"

பேட்டரியில் தண்ணீர் குறைவு. டிஸ்டில்டு வாட்டருக்கு எங்கே போக? இட்லிப் பானை மூடியில் வழிகிற நீரும் காய்ச்சி வடித்ததுதானே. அரை டம்ளர் சேர்ந்தது. ஊற்றிவிட்டேன்.

ஃபேனைக் குறைக்கச் சொன்னேன். "ஃபேன் இல்லாம நான் செத்துடுவேன்."

12-10, புதன்

கேட்டது! 5.40க்கு. இரண்டு நிமிடம் முழுசாகப் பதிவு. இவர் குறட்டை. எழுப்பி டேப்பைப் போட்டுக் காட்டினேன். "தவளைதான்" என்று திரும்பிப் படுத்தார். மீட்டர் 11.1.

மதியம் டேப்பை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரம் வீட்டுக்கு ஓடினேன். கரண்டில் போட்டால், ஐயோ! "காலை ஐந்து நாற்பது" என்று நான் சொன்னது சுண்டெலிக் குரலில். டும்ப் எல்லாம் கிக் கிக். பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது பதிந்திருக்கிறது. இங்கே சரியான வேகத்தில் ஓடியதும் எல்லாம் கீச்சுக் குரல். இதை அனுப்பினால் செயலாளர் சிரித்தே சாவார். காரணம் கண்டுபிடித்ததில் சந்தோஷம், டேப் போனதில் அழுகை. இரண்டும் ஒன்றாக.

சாயங்காலம் இவர் பேட்டரியை ஸ்கூட்டரில் வைத்துப் பம்மல் சார்ஜ் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். காலையில் கிடைத்துவிடுமாம்.

13-10, வியாழன்

கிடைக்காது. இன்று ஆயுத பூஜை! ஸ்கூல் டைரி முழுக்க லீவு நாள் குறித்து வைக்கிற எனக்கு இது உறைக்கவில்லை பாருங்கள்.

நானே போனேன். கடையில் வாழைக்கன்று, பூசணிக்காய், ஊதுவத்திப் புகை. வரிசையாக எல்லா பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம். மூன்றாவது என்னுடையது, தலையில் சாமந்திப்பூவோடு.

"எட்த்துக் குடுங்க அண்ணா, அவசரம்."

"இன்னா டீச்சர் நீங்களே இப்டி கேக்கறீங்க? சாமிகிட்ட வெச்சத எப்டி எட்க்கறது? நாளைக்கு மறுபூஜ போட்டுட்டு மொத கையில உங்களுதுதான்."

"சார்ஜாவது ஏறிடுச்சா?"

"பாதி ஏறிகினு இருந்திச்சு. அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வாணாவா?"

பொரிகடலைப் பொட்டலம் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய?

இவர் பூஜைக்கு அஸ்தினாபுரத்தில். நான் மட்டும் வண்டியில். மாலை ஐந்தரை. இருபதடி தூரத்தில் கோரை விலகியது. கறுப்பாகக் கோழி அளவு, நெற்றியில் சிவப்பு. கழுத்தை உப்பிக்கொண்டு டும்ப்... டும்ப்... கண்ணால் பார்த்துவிட்டேன்! பத்து நிமிடம் நின்றது. பக்கத்தில் செத்த டேப் ரெக்கார்டர். பார்த்ததற்குச் சாட்சி பொரிப் பொட்டலம்தான். ஆத்திரத்தில் அழுதேன்.

இன்று எழுதக் கூடாது, நோட்டு சரஸ்வதி முன்னால் இருக்க வேண்டும். எழுதாமல் முடியவில்லை. டீச்சர் என்று மன்னிப்பாள்.

14-10, வெள்ளி

மதியம் பேட்டரி வந்தது, சாமந்தியோடு. 12.2. பாதிதான். மறுபடி சார்ஜுக்குக் கொடுத்தால் இன்னொரு விடியல் போய்விடும். வேண்டாம்.

சட்டம் போட்டேன்: பல்பு கிடையாது, மெழுகுவத்தி. ஃபேன் கிடையாது. சண்டைக்குத் தயாராக நின்றேன். இவரே ஃபேனைக் கழற்றி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுப் பூட்டினார். "கண்ணுல படலன்னா கேக்க மாட்டேன்." அப்புறம் பனியனைப் பிழிந்துகொண்டே: "ஒரு தவளைக்கு இவ்ளோ வேர்வையா!"

நேற்று பார்த்ததைச் சொன்னேன். "சரி சரி" என்றார். சின்னக் குழந்தையிடம் சொல்கிற சரி.

15-10, சனி

தூறல். விடியற்காலை ஒன்றுமில்லை. மாலையும் இல்லை. 12.2. மெழுகுவத்தி தீர்ந்தது. இவர் ஒரு அட்டையால் விசிறிக்கொள்கிறார், புகார் இல்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாளை ஒரு காலைதான்.

16-10, ஞாயிறு

5.35. மழை விட்டிருந்தது. மீட்டர் 12.2. டும்ப்.

பட்டனை அழுத்தினேன். இவர் எனக்கு முன்பே விழித்து ஜன்னலோரம், அட்டையை அசைக்காமல். கோரை விலகியது.

இப்போது வீட்டில், கரண்டில் போட்டுக் கேட்டேன். வேகம் சரி. என் குரல் என் குரலாகவே. முதல் பன்னிரண்டு விநாடி சுத்தமான டும்ப். அதற்கப்புறம் முழுக்க இவர்தான்: "வசந்தா! கழுத்த உப்புது பாருடி! பறவைடி! தவளை இல்ல, பறவை!" கடைசியில் சிறகடித்துப் பறக்கிற சத்தம்.

திட்ட வேண்டியவள், டேப்பைத் திருப்பி மறுபடி போட்டுக் கேட்டேன். இவர் பத்து தடவை ஸாரி சொல்லிவிட்டார். "என் குரல் வர்ற எடத்த அழிச்சிட்டு அனுப்பு."

அழிக்க மாட்டேன். செயலாளருக்கு எழுத வேண்டியது: தவளை என்று சொன்ன இன்னொருவரும் இதில் பேசுகிறார், கடைசி வரை கேட்கவும்.