எரிந்த மலையடியில் நிற்கும் மகளுக்கு

அருப்புக்கோட்டை
27.8.95

என் செல்ல மகள் தீபாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. சொக்கநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே உன் உடம்பும் தேறி மனசும் தேறிவர வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. எப்போதும் இடம் போதாமல் ஓரத்திலும் நுணுக்கி எழுதுகிறவள், இந்தத் தடவை முக்கால் பக்கத்தோடு நிறுத்திவிட்டாய். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், அப்பா ஆசைப்பட்டபடி இங்கே காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லுமுன் மலை சரிந்த அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியவேண்டும். அப்பா தன் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

கோடையில் அந்த மலைக்காடெல்லாம் தீப்பிடித்து எரிந்தபின் எந்தச் சரிவு மழைக்கு நிற்கும், எது விழும் என்று பார்க்கிற குழுவுக்கு உன்னைத் தலைமையாகப் போட்டார்கள் என்று எழுதினாயே, அன்றைக்கு அப்பா என்னிடம், கல்லையும் மண்ணையும் பார்க்க நம்ம ஊரில் இடமில்லையா என்று வழக்கம்போல முணுமுணுத்தார். ஆனால் நம் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வந்தவர்கள், பருத்திக்கொட்டை வாங்க வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் சொல்லியிருக்கிறார். "ஆம்பளைக எல்லாம் எம்மக சொல்றதைக் கேட்டுத்தான் மலை ஏறணும்" என்று அவர் சொன்னதை உன் தம்பி உதயகுமார் வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தான். தீயில் மரத்துப் பிசினெல்லாம் உருகி மண்ணில் இறங்கிவிடும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டியில் தண்ணீர் ஒட்டாமல் ஓடுகிறமாதிரி மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும், வேரும் கருகிப்போனதால் மண்ணுக்குப் பிடிமானம் கிடையாது, சாம்பலும் கல்லும் மரமும் சேறாய்த் திரண்டு ஊர்மேல் இறங்கும் என்று நீ எழுதியதை நான் பக்கத்துவீட்டு சங்கரம்மாளுக்குக்கூட விளக்கிச் சொன்னேன். எரிந்த மலைக்குக் கீழே உள்ள கிராமத்தில் கீழ்த்தெருவையும் பள்ளிக்கூடத்தையும் மழைக்கு முன்னால் காலி செய்யவேண்டும் என்று நீ எழுதிக் கொடுத்ததையும், மேலதிகாரி இப்போது என்ன அவசரம் என்றதையும், ஊர்க்காரர்கள் நெருப்புக்கே தப்பினோம் நீ விரட்ட வந்துவிட்டாயா என்று ஏசியதையும், நீ விடாமல் வீடுவீடாக ஏறி இறங்கியதையும் படித்துவிட்டு அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குள் இங்கே ஆடி பிறந்துவிட்டது. பரளச்சியில் மழை கேட்டு முளைப்பாரி எடுத்தார்கள், நானும் போயிருந்தேன். காடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, விதைத்த கம்பு அப்படியே மண்ணுக்குள் இருக்கிறது. எல்லாரும் குலவை போட்டு மழையைக் கொடு தாயே என்று கேட்கிறார்கள், நானும் கேட்டேன். ஆனால் உன் நினைப்பு வந்து, இங்கே கொடு தாயே, எம்மக நிக்கிற மலையில மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கொடு என்று யாருக்கும் கேட்காமல் வேண்டிக்கொண்டேன். சாமிக்கு என் பேச்சு தலைகீழாகக் கேட்டுவிட்டதுபோல. இங்கே இன்னும் தூறல்தான்.

ஆடி கடைசியில் ஒருநாள் காலையில் கடை ரேடியோவில் செய்தி, வடக்கே மலை சரிந்து ஒரு கிராமம் மண்ணுக்குள் போய்விட்டது, ரோடு அறுந்துவிட்டது, அங்கே ஆய்வுக்குப் போன குழுவிடமிருந்து தகவல் இல்லை என்று. ஊர்ப்பேர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லையாம், ஆனாலும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. உன் பெரியப்பா இறந்த அன்றைக்கே மதியம்வரை கடை திறந்து வைத்திருந்த மனுசர், தராசில் நிறுத்தது நிறுத்தபடி இருக்க ஷட்டரை இழுத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியிருக்கிறார். உன் ஆபீசில் எடுத்தவர் இந்தியில் பேச, இவருக்கு ஒன்றும் விளங்காமல் தீபலட்சுமி தீபலட்சுமி என்று உன் பேரை மட்டும் கத்தியிருக்கிறார், லைன் போய்விட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. நேராகப் பந்தல்குடி பஸ்ஸைப் பிடித்து, பட்டாளத்தில் இருந்து வந்த பொன்ராஜ் வீட்டுக்குப் போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, ஈர வேட்டியோடு கிளம்பி வந்து அந்த ஊர்க் கடையிலிருந்தே போன் போட்டு இந்தியில் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லிடுறேன், ரோடு இல்லாததால இன்னும் ஒண்ணும் தெரியலையாம். ஆனா ஊரை மொதல்லயே காலி பண்ண வச்சது உங்க மகதானாம், அதையும் சொல்றாக" என்றாராம். அப்பா சரி என்றுமட்டும் சொன்னாராம். அப்புறந்தான் வீட்டுக்கு வந்தார்கள். நான் அழுது அரற்றியதை எழுதவேண்டாம். அப்பா ஒரு பையில் இரண்டு வேட்டியும் போர்வையும் வைத்துக்கொண்டு, "நான் போய் எம்பிள்ளையைக் கூட்டிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். திருச்சுழிக்குப் போனாலே வழி தவறுகிறவர் மலைக்குப் போகிறார் என்று பொன்ராஜும் கூடவே கிளம்பினார்.

மதுரை ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, வெளியே வந்து இன்னொருதரம் போன் போட்டிருக்கிறார்கள். அப்போதுதான் உன் ஆபீசில், எல்லாரும் மேலே உள்ள கோயில் மைதானத்தில் பத்திரம், தீபலட்சுமி வயர்லெஸ்ஸில் பேசிவிட்டார் என்றார்களாம். பொன்ராஜ் திரும்பிச் சொல்லவும் அப்பா அந்த இடத்திலேயே, நடுவழியில், போகிறவர் வருகிறவர் பார்க்க உட்கார்ந்து அழுதுவிட்டாராம். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவி, எனக்கு ஒரு பந்து மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காமல் அவர் பூ வாங்கியது அதுதான்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் உன் கடிதம். எல்லாரையும் மேலே ஏற்றியபின் ஒரு கிழவர் எருமைக்கன்றை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனார், மலை சரிந்து அவர் திரும்பவில்லை, நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும், எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் மறைப்பானேன், படித்ததும் அந்தக் கஷ்டத்திலும், மகள் வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் சந்தோஷமும் வந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "வரட்டும், வந்து நல்லாத் தின்னுட்டுத் தூங்கட்டும். ஆனா வேலையை விட்டுட்டு வரவேண்டாம்னு எழுது. அடுத்த மலையை யாரு பார்ப்பா?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அன்னைக்கு அழுதுக்கிட்டு ஓடுனது யாரு, பிள்ளை போயிருந்தா நீங்க மலையைக் கட்டிக்கிட்டா அழுவீங்க" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, உதயனும் அவன் பெண்டாட்டி சுகப்பிரியாவும் நடுவில் திண்டாடிப் போனார்கள். அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாசம். அத்தை எப்போது வருவாள் என்று வயிற்றுப்பிள்ளை கேட்கிறதாம்.

நேற்று மத்தியானம் உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதில் நான் முதலில் கவனிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. அந்தக் கிழவருடைய சம்சாரம், புருசனைப் பறிகொடுத்த மறுநாள், நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று ரொட்டியைப் பிய்த்து உன் வாயில் ஊட்டினார் என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, உன்மேல் குற்றம் என்று நினைக்கிறவள் உனக்கு ஊட்டுவாளா? அந்த நிலைமையில் என் பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்த மனுசி அவர். அவருடைய பேரன் பேத்திகள் எல்லாம் மேலே உயிரோடு நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். கிழவர் போனது உனக்கு ஆறாது, ஆறவும் வேண்டாம், ஆனால் நீ தோற்றுப்போய் ஓடிவந்தால் அவர் ஊட்டிய ரொட்டிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்புறந்தான் தோன்றியது. அப்பாவிடம் போய், நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன் என்றேன். அவர் காபி கேட்டார்.

ஆகையால் தீபாவளிக்கு லீவு போட்டு வா. வரவும் போகவும் சேர்த்தே டிக்கெட் எடுக்கச் சொல்லுகிறார் அப்பா. வந்து பத்துநாள் படுத்துக் கிட, ஒருத்தரும் உன்னை ஒன்றும் கேட்கமாட்டோம். தலைக்கு எண்ணெய் வை, ஈரச் சாக்ஸைக் காலில் போட்டுக்கொண்டு திரியாதே, வெறும் வயிற்றில் மலை ஏறாதே. பொன்ராஜுக்கு ஒரு கார்டு போட மறக்காதே.

இதோடு பார்சலில் உனக்குப் பருப்புப்பொடியும் அதிரசமும் வைத்திருக்கிறேன். ஒரு சேலையும் இருக்கிறது, நம் ஊர்த் தறியில் நெய்த நூல்சேலை, அது உனக்கு இல்லை, அந்த அம்மாளுக்கு. புருசன் போனவர்கள் அங்கே என்ன நிறம் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, வெள்ளையாக எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அரக்கு நிறத்தில் எடுத்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்புமுன் அவரைப் போய்ப் பார்த்து உன் கையால் கொடு. என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசிக்காதே, என்னைப் பெற்றவள் உங்களுக்குக் கொடுத்துவிட்டாள் என்று சொல், அவருக்குப் புரியும்.

நூறு வருசம் நல்லா இருக்கணும் தாயி,
உன் அம்மா
முத்துலட்சுமி