தோணியில் எழுந்து நின்றேன்

ஹட்டன்
12.2.1962

என் அன்புள்ள துணைவிக்கு,

நேற்று மன்னாரிலிருந்து திரும்பினேன். நீ உடப்புசல்லாவைக்கு, மகள் வீட்டுக்குப் போனபின் இங்கே என்னைக் கேலி செய்ய ஆளில்லை. அதனால்தான் துணிந்தேனோ, என்னவோ.

அங்கே பறவை பார்க்க வந்திருந்த சிலரோடு, கடலை ஒட்டிய களப்பின் கரையில் நடந்தேன். தூரத்துத் தண்ணீரில் இளஞ்சிவப்பாய் ஒரு வரிசை தெரிந்தது. "கொழுந்து எடுக்கிறவங்க மாதிரி நிரை பிடிச்சு நிக்கிறாங்களே, யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

தோணிக்காரர் மஃறூப் விழுந்து விழுந்து சிரித்தார். "அது பூநாரை, மாஸ்டர்! தண்ணியில தேயிலையா வளருது? ஏறுங்க, கிட்டப் போய்ப் பார்ப்பம்."

தண்ணீர் என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். "தோணியில ஏறுற ஆளா நீங்க?" என்று முன்பு நீ கேலியாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. ஏறிவிட்டேன். இரு கைகளாலும் பலகையை இறுகப் பிடித்திருந்தேன். அருகில் போனதும் அத்தனை பறவைகளும் ஒன்றாக எழுந்தன. மடித்த சிறகுக்குள் எவ்வளவு சிவப்பை ஒளித்து வைத்திருந்தன! என்னை மறந்து எழுந்து நின்று கூவினேன்.

"இருங்க மாஸ்டர், தோணி கவிழப் போகுது!" என்று மஃறூப் கத்தினார்.

நான் உட்காரவில்லை. நானா அது என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறேன். தோணியில் இரண்டு பேருக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மிகுந்த மகிழ்ச்சியோடு,
உன் வீட்டுக்காரன்