முத்துப் போட்ட மூன்றாம் நாள்

பங்குனி 14, வெள்ளி

கயலுக்கு அம்மை போட்டு இன்றோடு மூன்று நாள். வாசலில் வேப்பிலை செருகியதும் நான்தான், ரத்தப் புற்றுக்கு அவள் சாப்பிட்டு வந்த மாத்திரைகளை எடுத்துப் பரணில் வைத்ததும் நான்தான். ஆத்தா வந்திருக்கும்போது வீட்டில் மருந்து ஆகாது என்றே வளர்ந்துவிட்டேன். காலையில்கூடப் பிள்ளை சிரித்தாள். "எம்மா, மொட்டைத் தலையிலயும் முத்து வந்திருக்கு. இனி பூ வைக்க எடமே இல்ல."

ராத்திரி கனடாவிலிருந்து நாத்தனார் பேசினாள். அவள் மகனுக்கும் இதே நோய்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அம்மை என்றதும் கத்திவிட்டாள். "மயினி, இங்க கூடப் படிக்கிற பிள்ளைக்கு அம்மைன்னதுக்கே இவனக் கூப்பிட்டு அன்னைக்கே ஊசி போட்டாங்க. இந்த நோய் உள்ள பிள்ளைக்கு அம்மை வந்தா உசுருக்கே ஆபத்தாம். ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடக்கிற வார்டில், டாக்டரம்மா நடந்துகொண்டே சொன்னதில் எதைக் காதில் வாங்கினேன்?

இவரிடம் சொன்னேன். "அம்மை எறங்கித் தலைக்கு மூணாந் தண்ணி ஊத்தாம படி தாண்டக் கூடாதுன்னு நீதானட்டி சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்லுதேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும், கார் பிடிங்க."

பக்கத்தில் மடவார் வளாகத்துக்குக் கார் கேட்டுப் போயிருக்கிறார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எழுதுகிறேன். ஆத்தா, கோபமென்றால் என்மேல் காட்டு. கயல் கூப்பிட்டால் கண் திறக்கிறாள், பேசவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போகிறது. தெருவில் இன்னும் கார் வெளிச்சம் வரவில்லை.