டேங்க் மூடியில் சந்தனம்

இன்றைக்கும் அதே வாசனை. அரைத்த சந்தனமும் பெட்ரோலும் கலந்த வாசனை. ஆயுத பூஜைக்காக உங்கள் தம்பி காலையிலேயே மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். காற்றுவாக்கில் அது மூக்கில் ஏறியதும் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடுகு தீய்ந்துபோனது. நீங்கள் இருந்திருந்தால், "ஏம்புள்ள, கடுகு தாளிக்கறயா, கரி சுடறயா?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்திருப்பீர்கள்.

இந்த வண்டியை நீங்கள் ஓட்டி வந்த நாளில் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும்படி பெட்டி ஒன்று வைத்திருக்கும். எடப்பாடித் தறிக்காரர்களிடம் சேலை எடுத்துச் சேலத்துக் கடைகளுக்குக் கொண்டுபோகிற தொழிலுக்காக வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். அது சேலைக்காக வாங்கியதில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். முதல் பிரசவத்துக்கு என்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில்தான் கொண்டுபோனீர்கள். தாரமங்கலம் தாண்டியதும் வண்டியிலேயே பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. சாலையோரப் புளியமரத்தடியில் அவனைப் புதைத்துவிட்டுத் திரும்பினோம். "மாடு நடக்கற வேகத்துக்கு நம்ம பையனப் பறிகுடுத்துட்டம் கண்ணு" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் மாட்டு வண்டியில் ஏறவே இல்லை.

துரை வண்டியை இளைய தாரம் என்று நான் கேலி செய்வேன். நீங்கள் அதற்குச் செய்த உபசாரம் அப்படி. நான் இரண்டாவது முறை உண்டாகியிருந்த வருஷம் ஆயுத பூஜையன்று, எதற்குமே அளவு தெரியாத உங்கள் கை வண்டியின் விளக்கு, டேங்க், டேங்கின் மூடி என்று கெட்டிச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தையும் அழுத்தி வைத்தது. வைத்துவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தீர்கள்.

அடுத்த வாரமே இளைய தாரத்துக்குச் சீக்கு வந்தது. கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் இருமும், திணறும், நின்றுவிடும். யுத்த காலம்; சீட்டுக்கு அளந்துதான் பெட்ரோல். அதிலும் சீமெண்ணெயைக் கலந்துவிட்டான் என்று முதலில் பங்க்காரனைத் திட்டினீர்கள். பிறகு பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் வைத்துத் தேய்த்தீர்கள். கார்புரேட்டரைப் பிரித்து என் முறத்திலே பரப்பினீர்கள். அந்த முறத்தில் அரிசி புடைத்தால் ஒரு மாதத்துக்குச் சோறு பெட்ரோல் நாறியது. சேலத்தில் காட்டினால், இஞ்சின் தேய்ந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றான் மெக்கானிக். அன்று ராத்திரி நீங்கள் சாப்பிடவில்லை. பிரசவத்துக்கு மறுபடியும் மாட்டு வண்டியா என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வேறு நினைப்பே இல்லை.

கார்த்திகையில் லேடி டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது அது சரியாக அந்தப் புளியமரத்தடியில் போய் நின்றது. வேறு இடமே கிடைக்கவில்லை அதற்கு. நீங்கள் தலையை நிமிர்த்தாமல் பிளக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். எட்டிப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பெட்ரோல் பட்டிருச்சு புள்ள" என்றீர்கள்.

நானும் நம்பியதுபோலத் தலையாட்டினேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினீர்கள். புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடிவிட்டு உதைத்தீர்கள்; வண்டி கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. மறுபடியும் மூடி, மறுபடியும் புஸ், மறுபடியும் கிளம்பியது. பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறென்ன வேலை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். மூன்றாவது தடவை நின்றதும் சொன்னேன்.

"ஏனுங்க, மூடியத் தொறக்கறப்பல்லாம் புஸ்ஸுங்குது. அதுக்கப்பறந்தான் வண்டி கெளம்புது. சீமெண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் வருமாங்க? காத்துப் போக இன்னொண்ணு வேணுமில்லீங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு மூடியைப் பார்த்தீர்கள். காய்ந்து கல்லாகியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால், அடியில் கடுகளவு ஓட்டை. அதற்குள்ளும் சந்தனம்.

"ஊக்கு குடு" என்று கை நீட்டினீர்கள். தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். குத்தி, ஊதி, மறுபடியும் குத்தி, நடுச்சாலையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சிரித்தீர்களே ஒரு சிரிப்பு! "மூச்சு உட முடியாமக் கெடந்திருக்குது. சாமி கும்படறேன்னு நாந்தான் வாய அடைச்சிருக்கறேன்." நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மார்கழியில், விடிந்தும் விடியாமலும் வலி எடுத்தது. வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. புளியமரத்தைத் தாண்டும்போது, "பாத்துக்க சாமி, உனக்குத் தம்பியோ தங்கச்சியோ வருது" என்று அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னீர்கள். அந்த வலியிலும் நான் அதைக் கேட்டேன். தங்கச்சிதான் வந்தாள்.

அவள் நடை பழகுவதற்குள் உங்களுக்கு விஷக்காய்ச்சல். அதே பெட்டியில் உங்களைப் படுத்தினாற்போல உட்காரவைத்து, உங்கள் தம்பி ஓட்ட, நான் பின் சீட்டில் குழந்தையோடு வந்தேன். புளியமரம் வந்தபோது கண்ணைத் திறந்தீர்கள்.

"வண்டி நல்லா ஓடுதல்ல?"

"ஓடுதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் நாம் பேசியது. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், மருந்தும் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியும் நீங்கள் போய்விட்டீர்கள். பையன் போனபோது மாட்டின் மேல் பழி போட முடிந்தது. உங்களுக்கு நான் எதன் மேல் போடுவேன், சொல்லுங்கள். நெஞ்சு ஆறவே மாட்டேன் என்கிறது.

தாலியைக் கழற்றின அன்று அதிலிருந்த ஊக்கை மட்டும் நான் கையில் மறைத்துக்கொண்டேன். பொன்னையெல்லாம் எண்ணி வாங்கினவர்கள் அதைத் தேடவில்லை.

இன்றைக்குப் பூஜையில் சந்தனம் வைத்தது உங்கள் தம்பி. குங்குமம் வைத்தது உங்கள் மகள். உங்கள் கை அப்படியே அவளுக்கு, அளவே தெரியவில்லை. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். இப்போதெல்லாம் மங்கல காரியத்தில் நான் முன்னால் வருவதில்லை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு ஊக்கோடு வாசலுக்குப் போனேன். பின்னாலேயே வந்துவிட்டாள் மகள்.

"நான் வெச்சத ஏம்மா குத்தறீங்க?"

"வண்டி மூச்சு உடோணும் சாமி" என்றேன்.

அவள் உள்ளே ஓடிவிட்டாள். ஓட்டையைக் குத்தி ஊதிவிட்டுப் பார்த்தால், விரல் நுனியெல்லாம் குங்குமம். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அது என் மேல் படுகிறது. சாயங்காலம் வரைக்கும் நான் கை கழுவவில்லை.