இருக்கைக்கு அடியில் பீச் பழம்

ராமிரோ,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை. ஏழு முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்காததால் உன் பேருந்து டிப்போ விலாசத்துக்கே எழுதுகிறேன்.

நம் தெருவில் பழ ஈ பிடிபட்டுவிட்டது. ஞானத்தாய் எல்விராவின் கொல்லையில் வைத்த பொறியில் மூன்று ஈக்கள். மறுநாளே அதிகாரிகள் வரைபடத்தில் வட்டம் போட்டுவிட்டார்கள். ஏழு கிலோமீட்டருக்குள் எந்தப் பழமும் வெளியே போகக் கூடாது. பேரிக்காய் அறுவடை நேரம். பெட்டிகள் தோட்டத்திலேயே அடுக்கிக் கிடக்கின்றன. ஞானத்தாயின் அத்தியிலும் பிளம்ஸிலும் பிஞ்சுகூட விடாமல் பறித்துக் குழியில் புதைத்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஈ எப்படி வந்தது என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். ஜனவரியில், வடக்குப் பழம் உள்ளே வராமல் தடுக்கும் சோதனைச் சாவடியில் உன் பேருந்தைச் சோதிக்க ஏறியவள் நான்தான். உன் இருக்கைக்கு அடியில் கைவிட்டேன், பை தட்டுப்பட்டது. "நாலே நாலு பீச்சுதான் அக்கா. ஞானத்தாய்க்கு வடக்கே சான் ஹுவான் பழம்னா உசுரு. நீ பாக்கலைன்னு வெச்சுக்கோ" என்றாய். ஒரு குழந்தை பாதி தின்ற ஆரஞ்சைப் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவள், உன் பையை மட்டும் மூடி வைத்தேன். அந்தக் குழந்தையின் அழுகை இன்னும் காதிலேயே இருக்கிறது.

வடக்குப் பழம் எப்படி வந்தது என்று அதிகாரி விசாரித்தபோது, தெருவில் வரும் பழ வண்டிக்காரனிடம் வாங்கியதாக ஞானத்தாய் சொல்லிவிட்டாள். உன்னைக் காப்பாற்றத்தான். நம் தெருவுக்கு வருவது ஒரே வண்டி, பொலிவியாக்காரன் தெமெத்ரியோவுடையது. அதைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். அவன் வீட்டுச் சுவரில் யாரோ 'வந்த ஊருக்கே போ' என்று எழுதியிருக்கிறார்கள்.

அவன் என்னைத் தேடி வந்தான். "அம்மா, நீங்க சாவடியில இருக்கீங்க. நான் வடக்குப் பழம் விக்கிறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றான். நான் ஊற்றிக் கொடுத்த மாத்தே தேநீரைக் குடித்துவிட்டு எனக்கே நன்றி சொன்னான், ராமிரோ. செருப்பால் அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மறுநாள் காலையில் அலுவலகம் போய், சாவடியில் ஒரு பழப் பையைப் பார்த்தும் பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பதினொரு வருட வேலை. ஞானத்தாயிடம் சொன்னேன். "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுக்கவா உன்னை வளர்த்தேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் காட்டிக் கொடுக்கவில்லை. யாருடைய பை என்று கேட்டார்கள். வியாழக்கிழமை அவனே வந்து சொல்வான் என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வா. தெமெத்ரியோவும் அங்கே இருப்பான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல். நீ வராவிட்டால் உன் பெயரை நானே எழுதிக் கொடுப்பேன். என்னை அதைச் செய்ய வைக்காதே, தம்பி.

தெற்கே காற்று பலமாக அடிக்கிறதாம். மெதுவாக ஓட்டி வா. கடவுள் உன் கூட வரட்டும்.

உன் அக்கா
ஒதிலியா