வட்டமடிக்கும் புள்ளி

ஆஸ்திரேலியா

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஐயம்பேட்டையில் மழை உண்டா? உன் முட்டிவலி தேவலையா?

நேற்று காற்று ஏமாற்றியதால், எஞ்சின் இல்லாத என் கிளைடரைக் கோதுமை வயலில் இறக்கினேன். அடி ஒன்றுமில்லை, பயப்படாதே. அங்கே செல்போன் டவர் கிடையாது. போனோடு இணைத்த சாட்டிலைட் கருவியில் "பத்திரமாக இறங்கிவிட்டேன்" என்று செய்தி அனுப்பினேன். பழக்கத்தில் அது அப்பா நம்பருக்கே போனது. அவர் இறந்து இரண்டு மாதமானது தெரிந்தும், பதிலுக்காக வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

மேலெழும் காற்றில் ஏறுவதற்காக நான் வட்டமடிக்கும்போதெல்லாம், அந்தக் கருவி காட்டும் என் புள்ளியை அப்பா தன் போன் மேப்பில் பார்த்துவிட்டு, "ஒரே எடத்துல சுத்திக்கினு இருக்கியே, வழி தெரியலயாப்பா?" என்று கேட்பாரே!

அப்பா போனுக்குத் தினமும் சார்ஜ் போடு. என்னை வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். இனி நான் சுற்றும்போது நீயாவது கேளும்மா.

பிரேம்நாத்